துபாயில் கற்ற கை

கரியாக்கோ, தார் எஸ் ஸலாம்
மே 6

என் அருமை மருமகள் ஜைதூனிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நீ கத்துவாய் என்று சொன்னேன். பேச்சு நடுவில் போனை வைப்பாய் என்று சொன்னேன். என் எண் உன் போனில் வராதபடி அடைத்துவிடுவாய் என்றும் சொன்னேன். வேண்டுமானால் என் கடை வாசலில் காப்பி விற்கும் கொம்போவைக் கேட்டுப் பார், அவன்தான் சாட்சி. ஆனால் ஒன்றை நீ யோசிக்கவில்லை. போனை அடைக்கலாம், உன் ஊர் தாங்காவுக்கு வருகிற பேருந்தை அடைக்க முடியுமா? அதன் நடத்துநர் என் சிநேகிதன்.

போனில் என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை, அதனால் எழுதுகிறேன். ருக்கியா அம்மாள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். அவள் மகள் நஸ்ராவின் கல்யாணத்துக்கு நகம் அலங்கரிக்கப் போவது நீதான். பெண்கள் மட்டும் கூடும் நாள் ஜூன் 16. பெருநாளுக்கு நான் தாங்கா வந்திருந்தபோது மீன் சந்தையில் அவளை நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "என் தங்கச்சி மக ஜைதூனி துபாய்ல ஆறு மாசம் நகக்கலை படிச்சவ. அரபுப் பணக்காரிங்க வரிசையில நின்னு கையை நீட்டுவாங்க." கேட்டதும் அவள் கையிலிருந்த மீன் கூடை அப்படியே கீழே விழுந்தது. "அப்படியா சங்கதி? அவளையே வரச் சொல்லுங்க" என்றாள். இதற்குப் போய் என்னைத் திட்டுகிறாய்.

"நான் துபாய் போனதே இல்லையே" என்கிறாய். அது உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தானே தெரியும்? நாள் நிறைய இருக்கிறது. அதற்குள் துபாய்க்காரி ஆகிவிடு.

பொட்டலத்தில் பூ வெட்டிய தகடுகள், ஒரு ஸ்டாம்பர், சுரண்டுகிற அட்டை, கறுப்பும் வெள்ளையுமாகப் பாலிஷ் எல்லாம் இருக்கின்றன. கல்யாணப் பெண்ணுக்கு இந்த அச்சு வைக்கிற நகம்தான் வேண்டுமாம். ரொம்பச் சுலபம். தகட்டில் பூ பள்ளமாக இருக்கும். மேலே பாலிஷைத் தடவு. மிஞ்சியதை அட்டையால் வழித்துத் தள்ளு. பள்ளத்தில் நிற்பதை ஸ்டாம்பரால் ஒற்றி எடு. நகத்தில் வை. முடிந்தது கதை. இரண்டு அமைச்சர்களுக்கும் ஒரு பிஷப்புக்கும் ரப்பர் முத்திரை வெட்டிக் கொடுத்தவன் சொல்கிறேன், இது நம் குடும்பத் தொழில் மாதிரிதான்.

ஒரு குறை. போனை எடுத்ததும் ஷிக்கமோ சொல்லாமலே திட்ட ஆரம்பித்தாய். பெரியவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய வணக்கம் அது, அதிலும் நான் தாய்மாமன். கடிதத்திலாவது எதிர்பார்க்கிறேன்.

உன் மாமன்,
ஷொமாரி
முத்திரை விற்பன்னர்


சும்பாகேனி, தாங்கா
மே 9

மாமாவுக்கு,

ஷிக்கமோ கிடையாது.

பொட்டலம் வந்தது. பிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பிரித்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை. நான் டோராம்மாவின் சலூனில் முடி கூட்டுகிறேன். தலை கழுவ வெந்நீர் தூக்குகிறேன். வேலை இல்லாத நேரத்தில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஒற்றைக் கலரில் நகம் பூசுகிறேன். பூ போடத் தெரியாது. கடல் தாண்டி நான் போன ஒரே ஊர் ஸன்ஸிபார். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி.

ருக்கியா அம்மாள் சலூனுக்கே வந்து டோராம்மாவிடம் தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் டோராம்மா துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தார்.

"இந்தா பாரு ஜைதூனி. அந்த வீட்டுக் கல்யாணத்தை நல்லபடியா பண்ணிட்டு வந்தா, ஜன்னல் ஓர இடம் உனக்கு. நாற்காலி போட்டு, உன் பேரை எழுதி ஒட்டிக்க. சொதப்புனே, சலூன் பேரு போச்சு. அப்புறம் இங்க வராத."

மாமா, அந்த ஜன்னல் ஓரத்தை நான் கூட்டும்போதெல்லாம் பார்ப்பேன். காலை வெயில் அங்கேதான் முதலில் விழும். அங்கே உட்கார்ந்து நகம் பூசினால் விளக்கே வேண்டாம். நானாகக் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலத்தில் கிடைத்திருக்கும். இப்போது உங்கள் துபாயால், ஒன்று அது கிடைக்கும், இல்லை பெஞ்சும் போகும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். தடவினேன், வழித்தேன், ஒற்றினேன். ஸ்டாம்பரில் ஒன்றுமே ஏறவில்லை. மறுபடி செய்தேன், பூவில் பாதி வந்தது. அதற்கடுத்து முழுதாக வந்தது, நகத்தில் வைப்பதற்குள் காய்ந்துபோனது. ஒருவழியாக ஒன்று ஒட்டியது, அதன் மேல் பளபளப்புக்கு மேல்பூச்சு தடவினேன், பூ கோடு கோடாக இழுபட்டு மழையில் நனைந்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

ருக்கியா அம்மாளுக்கு உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் நானே போய்ச் சொல்கிறேன்.

ஜைதூனி


கரியாக்கோ
மே 13

அன்பு மருமகளே,

ஷிக்கமோ இல்லாத கடிதத்தையும் நான் மதித்துப் படித்தேன். என் பெருந்தன்மை அப்படி.

ருக்கியா அம்மாளிடம் நீ எதுவும் சொல்லக் கூடாது. துபாய் என்ற சொல்லையே எக்காரணம் கொண்டும் அவளிடம் எடுக்காதே. அவளாக எடுக்காத வரையில் நீயும் எடுக்காதே. பெரிய மனிதர்களிடம் ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொன்னால் சந்தேகம் வரும். இது மூன்று அமைச்சர்களோடு பழகியவன் சொல்கிற புத்தி.

இனி தொழிலுக்கு வருவோம். பூ ஏறாததற்குக் காரணம் ஸ்டாம்பரில் இருக்கும் பிசுக்கு. நான் ரப்பரைத் தின்னரில் ஊறப்போட்டு எடுப்பேன், புதுசு மாதிரி ஆகிவிடும். நீயும் ஒரு இரவு ஊறப்போடு.

நான் சும்மா பேசுகிறவன் இல்லை என்பதற்காக, இன்னொரு தகடு வாங்கி நானே செய்து பார்த்தேன். முதல் ஒற்றலிலேயே வந்தது என்றால் நம்ப மாட்டாய். என் கட்டை விரல் நகத்தில் ஊதாப் பூ, இலையோடு. அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்காரம்மா அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். அழித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்கார வேண்டும் என்றிருந்தேன், ரிமூவர் வாங்க மறந்துபோனேன். அதற்குள் கொம்போ காப்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னா ஷொமாரி, கல்யாணமாமே?"

"என் மருமகளுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்டா. இது ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிக்கு எதுக்கு ஊதாக் கலரு?"

"கறுப்பை அவளுக்கு அனுப்பிட்டேன்."

"நல்லாதான் இருக்கு. இன்னொரு கையையும் காட்டு, மாப்பிள்ளை வீட்டுல கேட்டா சொல்லணும்ல."

அன்று மாலை ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கு முத்திரை கொடுக்கப் போனேன். அவர் முத்திரையைப் பார்க்கவே இல்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உனக்காக இதையெல்லாம் தாங்குகிறேன்.

ஷொமாரி
முத்திரை விற்பன்னர், நக ஆராய்ச்சியாளர்


சும்பாகேனி
மே 20

மாமாவுக்கு,

தின்னரில் ஊறப்போட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஸ்டாம்பர் வெந்த மீன் கண் மாதிரி வெளுத்து, சுருங்கி, கெட்டியாகிக் கிடந்தது. அது உங்கள் ரப்பர் இல்லை மாமா, சிலிக்கான். தின்னரும் ஆகாது, ரிமூவரும் ஆகாது. ஒட்டுகிற டேப்பை வைத்துப் பிசுக்கை ஒற்றி எடுத்தால் போதுமாம். இதை நான் கண்டுபிடித்தது ஸ்டாம்பர் செத்த பிறகு.

சந்தையில் வேறொன்று வாங்கினேன். இது தண்ணீர் மாதிரி தெளிவானது, அதன் வழியே நகம் தெரிகிறது. எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்கலாம்.

இப்போது கொஞ்சம் வருகிறது. எது தப்பாக இருந்தது என்று சொல்கிறேன், உங்கள் ஆராய்ச்சிக்கு உதவும். மெல்லிய பாலிஷ் ஆகாது, கெட்டியாக இருக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே உட்காரக் கூடாது. அட்டையை நிமிர்த்திப் பிடித்து அழுத்தி வழித்தால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும், சாய்த்து லேசாக இழுக்க வேண்டும். நகத்தில் குத்தக் கூடாது, ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை உருட்ட வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினால் விடுவதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை என் இடது கட்டை விரலில் ஒரு பூ முழுதாக உட்கார்ந்தது. அழிக்க மனசு வரவில்லை. அந்தக் கையோடு உகாலிக் களி கிண்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "யாரு போட்டது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். நம்பாமல் என் வலது கையையும் திருப்பிப் பார்த்தார்.

மேல்பூச்சு மட்டும் இன்னும் வம்பு செய்கிறது. தொட்டால் கோடு இழுபடுகிறது.

ருக்கியா அம்மாளும் நஸ்ராவும் வந்தார்கள். நான் பழகிய நகங்களை எடுத்துக் காட்டினேன். ருக்கியா அம்மாள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முன்னைக்கு இப்ப தேவலையே" என்றார். துபாயில் படித்தவளிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? தெரிந்துகொண்டுதான் குத்திக் காட்டுகிறாரா? துபாயைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

நஸ்ரா ஐந்து வேளையும் தொழுகிறவள். பாலிஷ் பூசிய நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளு கூடாது. அதனால் பொய் நகங்களில் செய்துகொடுத்தால், தொழுதுவிட்டு ஒட்டிக்கொள்கிறேன், அடுத்த தொழுகைக்குக் கழற்றிவிடுகிறேன் என்றாள். எனக்கும் நல்லதுதான். அண்ணன் பல்லாங்குழி மாதிரி பாவோ ஆடுகிற குழிப்பலகையின் விளிம்பில் பொய் நகங்களை வரிசையாக ஒட்டி வைத்துப் பழகுகிறேன். காய் எடுக்கப் போனால் கையில் நகம் வருகிறது என்று அண்ணன் கத்துகிறான்.

ஆனால் அவள் கேட்பது எந்தத் தகட்டிலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவந்த காங்கா துணியின் கரையில் முந்திரி மாதிரி வளைந்த உரு இருக்கிறது. அதுதான் எட்டு விரலிலும் வேண்டுமாம். இரண்டு கட்டை விரலிலும் மாப்பிள்ளை பெயர், பக்காரி என்று.

கேட்க வெட்கமாக இருக்கிறது. நீங்கள் பித்தளையில் வெட்டுவீர்கள் இல்லையா?

ஜைதூனி

பின்குறிப்பு: போன கடிதத்தில் மூன்று அமைச்சர்கள். அதற்கு முந்தினதில் இரண்டுதான்.


கரியாக்கோ
ஜூன் 10

மருமகளே,

கேட்டாயா இல்லையா? கடைசியில் மாமனிடம்தான் வந்து நிற்பாய் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது. பித்தளைத் தகட்டை நானே தேய்த்துக் கண்ணாடி ஆக்கினேன். கொம்போ அதில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டான். முந்திரி உருவை நீ அனுப்பிய துணித் துண்டைப் பார்த்து, மயிரிழை தடிமனில் வெட்டியிருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வெட்டினேன். நாலு நாள் தும்மவில்லை. தும்மல் வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தேன்.

பெயரைப் பார். பக்காரி என்று ஒரு நெல்லின் அளவில். முப்பது வருஷமாக நான் எழுத்தை எப்படி வெட்டுவேனோ அப்படியே, இம்மியும் பிசகாமல். நாலு அமைச்சர்களின் மேசையில் கிடக்கிற எழுத்து அது.

இந்தத் தகட்டைப் பார்த்த நகைக்கடைக்காரன் ஒருவன் தன் பெண்ணைக் கட்டித் தருகிறேன் என்றான். எனக்கு அறுபது வயது என்று சொல்லித் தப்பித்தேன்.

இனிமேலாவது ஷிக்கமோ.

ஷொமாரி


சும்பாகேனி
ஜூன் 12

மாமா,

எழுத்து புரண்டு கிடக்கிறது.

தகட்டைப் பார்த்தபோதே யோசித்திருக்க வேண்டும். நீங்கள் ரப்பர் முத்திரைக்கு வெட்டுவது மாதிரி, கண்ணாடியில் பார்ப்பது போல வெட்டியிருக்கிறீர்கள். ஸ்டாம்பரில் ஒற்றினேன், பெயர் நேராகத் தெரிந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பார்க்கப் பார்க்க நகத்தில் உருட்டினேன். பக்காரி பின்னாலிருந்து முன்னால் போகிறான்.

உங்கள் முத்திரை ரப்பரிலிருந்து காகிதத்துக்கு ஒரே தடவைதான் போகும், ஒரே தடவைதான் புரளும். இது தகட்டிலிருந்து ஸ்டாம்பருக்கு, ஸ்டாம்பரிலிருந்து நகத்துக்கு. இரண்டு தடவை புரளும். அதனால் தகட்டில் நேராகவே இருக்க வேண்டும். முப்பது வருஷம் வெட்டிய கைக்கு இது தோன்றவில்லையா?

முந்திரி எப்படிப் புரண்டாலும் முந்திரிதான். அது அழகாக வருகிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் பெயர்? மாப்பிள்ளை வீட்டு அத்தைமார்கள் எல்லாரும் அந்தக் கட்டை விரலைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இன்னும் நாலு நாள். டோராம்மா ஜன்னல் ஓரத்தில் இருந்த பழைய பெட்டிகளை எடுத்துப் போட்டுவிட்டார். இடம் காலியாக இருக்கிறது. அதைப் பார்க்கவே முடியவில்லை.

எழுதாதீர்கள்.

ஜைதூனி


கரியாக்கோ
ஜூன் 13

ஜைதூனி,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, தகவல்.

புதுத் தகடு வெட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்து நேராக. நேராக வெட்டக் கை மறுக்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் கை தானாகப் புரளுகிறது. மின்சாரமும் இல்லை. கடை வாசலில் வெயிலில் உட்கார்ந்து வெட்டுகிறேன். நாளை மறுநாள் காலைப் பேருந்தில் நடத்துநர் கையில் வந்துவிடும்.

முதல் தகட்டை நான் அப்படி வெட்டியதற்கு வேறு காரணம் உண்டு, அதைப் பிறகு விளக்குகிறேன்.

துபாய் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அதையும் பிறகு.

ஷொமாரி


சும்பாகேனி
ஜூன் 18

ஷிக்கமோ மாமா.

உங்கள் புதுத் தகடு வந்த பேருந்து வழியில் செகேராவில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. தகடு என் கைக்கு வந்தபோது கல்யாணமே முடிந்து, மிஞ்சிய பிலாவ் சோற்றைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோபப்படாதீர்கள், முழுதாகப் படியுங்கள்.

13ஆம் தேதி சலூனில் உட்கார்ந்து புரண்ட பெயரை மறுபடி மறுபடி ஒற்றிக்கொண்டிருந்தேன். புரள்வது நின்றுவிடும் என்றா நினைத்தேன், தெரியவில்லை. மேல்பூச்சு இழுக்கிறதே, நகத்தில் வைக்கும் முன்பே ஸ்டாம்பரில் இருக்கும்போது தடவிப் பார்ப்போம் என்று பெயருக்கு மேலேயே நிறமில்லாத பூச்சைத் தடவினேன். அதற்குள் டோராம்மா கூப்பிட்டார்.

"ஜைதூனி, தலை கழுவ ஆள் உக்காந்திருக்கு, நீ அங்க என்ன பொம்மை விளையாட்டா?"

போய்த் தலை கழுவிவிட்டு வந்தேன். பூச்சு காய்ந்து தோல் மாதிரி ஆகியிருந்தது. எரிச்சலில் நகத்தால் கிள்ளி உரித்தேன். ஒரே படலமாக வந்தது, மாமா. வெங்காயத் தோல் மாதிரி, அதற்குள்ளே கோடு இழுபடாத பக்காரி. தூக்கிப் போடப் போனேன். ஜன்னலிலிருந்து வெயில் அடித்தது. வெளிச்சத்தில் பிடித்தால் இந்தப் பக்கம் பெயர் புரண்டிருக்கிறது, அந்தப் பக்கம் பார்த்தால் நேராக இருக்கிறது.

அப்போதுதான் புரிந்தது. ஸ்டாம்பரில் பெயர் எப்போதும் நேராகத்தான் இருந்தது. உருட்டும்போதுதான் புரள்கிறது. உருட்டவே வேண்டாம். உரித்து, ஸ்டாம்பரில் எப்படிக் கிடந்ததோ அப்படியே தூக்கிப் போய், லேசாக ஈரம் இருக்கிற நகத்தில் படுக்கவைத்தால் போதும்.

படுக்கவைத்தேன். நேராக நின்றது. பெயர் அடியில், பூச்சு மேலே. இனி மேல்பூச்சு இழுக்காது, அதுதான் ஏற்கெனவே மேலே இருக்கிறதே. முந்திரிகளையும் அப்படியே செய்தேன். ஓரத்தில் மிஞ்சியதைக் குச்சியில் ரிமூவர் தொட்டுத் துடைத்தேன். பாவோ பலகையின் விளிம்பில் பத்து நகமும் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி கிடந்தன. அண்ணன் அன்றைக்கு ஆட்டம் கேட்கவில்லை.

பெண்கள் கூடிய நாளில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நஸ்ரா மருதாணிக் கையை நீட்டினாள். ஒவ்வொன்றாக ஒட்டினேன். மாப்பிள்ளையின் பெரிய அத்தை வந்து அவள் கட்டை விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பக்காரி. அடி ஆத்தி, எங்க பய பேரையே நகத்துல ஏத்திட்டாளே. இனி அவன் எங்க ஓடுவான்?"

எல்லாரும் குலவை போட்டார்கள். மருதாணி இட வந்திருந்த பெண் என்னைப் பார்த்து, "இதை எப்படிம்மா வழுக்காம உள்ள வெச்சே?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்வேன், ஆனால் கொஞ்ச நாள் போகட்டும்.

அப்புறம் நான் ஒன்று செய்தேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ருக்கியா அம்மாள் அடுப்படியில் தனியாக இருந்தபோது போய், "அம்மா, நான் துபாய் போனதில்லை" என்றேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"துபாயா? யாரு போனா? எனக்கே போகணும்னு ஆசைதான், முட்டிவலி விடலை. போய்ச் சாப்பிடு, பிலாவ் ஆறுது."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். தெரிந்தும் தெரியாதது மாதிரி இருந்துவிட்டார், நான் தலை குனியக் கூடாது என்று. இல்லையா மாமா?

டோராம்மா ஜன்னலைத் துடைத்து வைத்திருந்தார். "கண்ணாடி உடைஞ்சா நீதான் பொறுப்பு" என்றார். நாற்காலி போட்டாகிவிட்டது. உங்கள் புதுத் தகட்டை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதில் முகம் பார்க்கிறார்கள். புரண்ட தகடு மேசை இழுப்பறைக்குள் துணி சுற்றி இருக்கிறது. அதை யாருக்கும் தர மாட்டேன்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதற்குப் பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
ஜைதூனி


கரியாக்கோ
ஜூன் 22

மரஹபா, மருமகளே. மரஹபா, மரஹபா.

உன் ஷிக்கமோவுக்கு இந்தப் பதிலை வாய்விட்டே சொன்னேன், கடை வாசலில் நின்று. தெருவில் போன ரெண்டு பேர் தங்களுக்குத்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். எழுத்தைப் புரட்டி வெட்டியது வேண்டுமென்றேதான். நேராக வெட்டியிருந்தால் நீயும் ஊரில் எல்லாரையும் போல உருட்டிவிட்டுப் போயிருப்பாய், மேல்பூச்சு இழுத்திருக்கும், அத்தைமார் முகம் சுளித்திருப்பார்கள். இதைத்தான் பிறகு விளக்குகிறேன் என்றேன். உன் கடிதத்தைக் கொம்போவுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்ப நீ தப்பா வெட்டுனதாலதான் நல்லா வந்துச்சா?"

"தப்பு இல்லடா, முன்யோசனை."

"வெயில்ல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டே இன்னொண்ணு வெட்டுனியே, அது?"

"அது ரெண்டாவது முன்யோசனை."

"சோறு இறங்காம என் காப்பியையே குடிச்சுக் கிடந்தியே, அது எத்தனாவது?"

அவனுக்குத் தொழில் நுணுக்கம் தெரியாது. விட்டுவிடு.

ஜன்னல் ஓரத்தில் என் தகடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நான் அதை நாலைந்து தடவை வாசித்தேன். பலகை வைக்கிறபோது உன் பெயரை நான் வெட்டித் தருகிறேன். நேராகத்தான் வெட்டுவேன்.

இனி ருக்கியா அம்மாளின் பெரிய மனசு பற்றி.

பெருநாளுக்கு வந்தபோது மீன் சந்தையில் நான் அவளை நிறுத்தவில்லை. அவள்தான் என்னை நிறுத்தினாள். "சலூன் வாசல்ல உக்காந்து நகம் பூசுதே, அது உங்க தங்கச்சி மகதானே?" என்று கேட்டாள். ஆமா என்றேன். "மீன்காரி கையை ஆட்டி ஆட்டி சண்டை போட்டுக்கிட்டே இருக்கா, உங்க பொண்ணு பூசுனதுல ஒரு இழை வெளிய போகலை. நின்னு பாத்தேன். நஸ்ராவுக்கு அவளையே வெச்சுக்கிறேன், சொல்லிடுங்க" என்றாள். நான் சொன்னேன், அவளுக்கு இந்த அச்சு வைக்கிறதெல்லாம் தெரியாதே என்று. "கத்துக்கட்டும். நாள் இருக்குல்ல?" என்றாள். அவ்வளவுதான். கூடை விழவில்லை. மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தார் எஸ் ஸலாம் திரும்பும் வழியெல்லாம் இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ரொம்பச் சின்னக் கதையாக இருந்தது. அதில் நீ இருக்கிறாய், ருக்கியா அம்மாள் இருக்கிறாள், மீன்காரிகூட இருக்கிறாள். நான் இல்லை. ஆமா என்று சொன்னதோடு என் வேலை முடிந்துவிட்டது. செகேராவில் பேருந்து நின்றபோது பொரித்த மரவள்ளி வாங்கித் தின்றுகொண்டிருந்தேன், அப்போதுதான் துபாய் மனசில் வந்தது. அங்கிருந்தே உனக்குப் போன் செய்தேன். நீ அதை நம்பி, கத்தி, வைத்துவிட்டாய். அதற்கப்புறம் அதைத் திரும்ப எடுக்கிற வழி எனக்குத் தெரியவில்லை.

அமைச்சர்கள் உண்மை. பிஷப் உண்மை. வெள்ளைக்காரம்மாவின் கண்ணீரும் உண்மை, தூசியாகவும் இருக்கலாம். புரண்ட எழுத்து முன்யோசனை, அதில் மாற்றம் இல்லை. துபாய் மட்டும் நானாக இட்டுக்கட்டியது, ஜைதூனி. அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவே இல்லை.

உன் மாமன்,
ஷொமாரி